பதினான்கு இலக்க நோயாளி

இத்தனை நூற்றாண்டுகளாக மனித குலம் காசநோயிடம் தோற்றுக்கொண்டிருந்ததற்கு ஒரே காரணம், மனித குலத்திடம் செயலி இல்லை என்பதுதான். காசநோய்ப் பிரிவின் மேற்பார்வையாளர் இதைப் பத்துக் கூட்டங்களில் சொல்லிவிட்டார். பதினோராவது கூட்டத்தில் அவர் எழுந்ததுமே மற்றவர்கள் கோரஸாகச் சொல்லிவிட்டார்கள். அதையும் அவர் செயலியின் வெற்றியாகவே எடுத்துக்கொண்டார்.

புரட்சி எளிமையானது. எந்தத் தனியார் டாக்டரும் ஒருவருக்குக் காசநோய் என்று கண்டால் செயலியில் பதிய வேண்டும். மறுகணம் மேற்பார்வையாளரின் கைப்பேசி 'டிங்' என்னும். அவர் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் இலவச மாத்திரைப் பெட்டியுடன் நோயாளியின் வீட்டுக்குப் போவார். ரகசியம் காக்க, நோயாளிக்குப் பெயர் கிடையாது; பதினான்கு இலக்க எண் மட்டும். முகவரி வேண்டுமென்றால் இன்னொரு பொத்தானை அழுத்த வேண்டும்.

அந்த இன்னொரு பொத்தானை அவர் அழுத்தியதில்லை. கூட்டங்களுக்கு நடுவே நேரம் ஏது? 'சென்றாயிற்று', 'கொடுத்தாயிற்று', 'நோயாளி மகிழ்ச்சி' என்ற மூன்று பச்சைப் பொத்தான்களை வரிசையாக அழுத்துவார். சாவகாசமாக நேரில் போய்க்கொள்ளலாம் என்று மனதுக்குள் ஓர் உறுதிமொழியும் எடுப்பார். நேர்மையான மனிதர், உறுதிமொழி எடுக்க ஒரு முறைகூடத் தவறியதில்லை. இவ்வாறு நாற்காலியை விட்டு எழாமலே நானூற்றுப் பதினோரு வீடுகளுக்குப் போய்வந்தார். பிரிவுக்கு 'நூறு சதவீதம்' வந்தது. அவருக்குக் கேடயம் வந்தது.

அவர் மனைவிக்கு இருமல் வந்தது. ஒரு மாதமாகியும் போகவில்லை.

"என்னங்க, உங்க ஆபீஸ்ல வந்து ஒரு தடவை சளி டெஸ்ட் கொடுத்துடட்டுமா?"

"என் பெண்டாட்டி என் ஆபீஸ் வரிசையிலயா? மானம் போயிடும். வெந்நீர் குடி."

குடித்தாள். பிறகு அவரிடம் சொல்லாமல் தெருக்கோடி டாக்டரிடம் போனாள்.

மறுநாள் சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள். "வீட்டுக்கே மாத்திரை வரும்னு டாக்டர் சொன்னார். நாள் பூரா கதவைத் திறந்து வச்சுட்டு உக்காந்திருந்தேன். ஒரு ஈ காக்கா வரலை."

"வரும், வரும்." அவர் கைப்பேசியிலிருந்து தலையெடுக்கவில்லை. காலையில் வந்த ஒரு எண் பாக்கியிருந்தது. "எங்க ஆளுங்களா இருந்தா இந்நேரம் வந்து கொடுத்துட்டுப் போயிருப்பாங்க." மூன்றாவது பொத்தானை அழுத்தினார்.

அவள் கைப்பேசி 'டிங்' என்றது.

திரையில் அவர் புகைப்படம், அலுவலகச் சிரிப்போடு. கீழே: 'தங்கள் இல்லம் வந்து மாத்திரை வழங்கிய இந்த அலுவலருக்கு எத்தனை நட்சத்திரம்?'

அவள் படத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"எப்பங்க வந்தீங்க?"

காலையில் அலுவலகம் திறக்கும் முன்பே இருவரும் மருந்துக் கிடங்கு வாசலில் நின்றார்கள். கிடங்குக்காரர் எண்ணைத் தட்டிப் பார்த்தார்.

"நேத்தே கொடுத்தாச்சு சார். நோயாளி மகிழ்ச்சின்னு இருக்கு."

"இதோ நிக்கிறாளேய்யா நோயாளி! பார்த்தா மகிழ்ச்சியாவா தெரியுது?"

கிடங்குக்காரர் எட்டிப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள்.

"அதை நான் மாத்த முடியாது சார். நேர்ல போன அலுவலர்தான் மாத்தணும்."

"அந்த அலுவலர் நான்தான்யா! நான் போகவே இல்லை!"

"மெதுவா சார். கேடயம் பக்கத்து ரூம்லதான் இருக்கு."

மேற்பார்வையாளர் குரலைத் தாழ்த்தினார். "சரி, செயலியை விடு. ஒரே ஒரு பெட்டி எடுத்துக் கொடு."

"இருப்பு பூஜ்யம்னு காட்டுதே சார்."

அவருடைய மனைவி கிடங்குக்காரரின் தோளுக்கு மேலே பார்த்தாள். பின்சுவர் அலமாரி தரையிலிருந்து கூரை வரை பெட்டிகளால் அடைந்து கிடந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு பதினான்கு இலக்க எண். அடித்தட்டுப் பெட்டிகளில் தூசி படிந்து எண்ணே தெரியவில்லை. அவளே உள்ளே போய், மேலாக இருந்த தன் எண்ணைக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டாள். பிறகு மற்றவற்றைக் காட்டினாள்.

"அப்போ இதெல்லாம்?"

"அதுவாம்மா?" கிடங்குக்காரர் மரியாதையோடு எழுந்து நின்றார். "அதெல்லாம் சார் வீடு வீடாப் போய்க் கொடுத்தது."