நியூட்ரலில் பின்னோக்கிப் போகும் கார் குறித்து அத்தானுக்கு

நாள்: மார்ச் 16, ஞாயிறு. நேரம்: மாலை 4.40. உங்கள் கார் முன்னோக்கி நகர மறுத்து ஆன மணி நேரம்: இருபத்தெட்டு.

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் எழுதுவது. கடல் அமைதியாக இருக்கிறதா, கப்பலில் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று முதலில் விசாரிக்கச் சொல்லி அம்மா பக்கத்திலேயே நிற்கிறார். விசாரித்துவிட்டேன். இங்கே எல்லோரும் நலம். கார் மட்டும் நலமில்லை. கப்பலில் வாரத்துக்கு ஒருமுறைதான் நெட் வரும். நீங்கள் கேள்வி கேட்டு நான் பதில் எழுதி முடிப்பதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும். அதனால் நீங்கள் கேட்கக்கூடிய எல்லாவற்றுக்கும் பதிலை இப்போதே எழுதிவிடுகிறேன். சுருக்கமாகத்தான்.

நடந்ததற்குக் காரணம் நீங்கள். வளைத்துப் பேச எனக்கு வராது என்று உங்களுக்கே தெரியும். ஒரு லட்சத்து நாற்பத்து மூவாயிரம் கிலோமீட்டர் ஓடிய ஆட்டோமேட்டிக் கார் அது. ஒருமுறைகூட கியர் ஆயில் மாற்றவில்லை. கேட்டால், “ஆயுளுக்கும் மாத்த வேணாம்னு புத்தகத்துலயே போட்டிருக்குடா” என்பீர்கள். யாருடைய ஆயுள் என்று அந்தப் புத்தகத்தில் போடவில்லை. இந்த நிலைமையில்தான் அக்காவுக்கு அந்தப் பதவி வந்தது. ஆறு வருடம் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் குழாய்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தவளை, நாற்பத்து நான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கிளைக்குப் பொறுப்பாளராக அழைத்திருக்கிறார்கள். நாளை, திங்கள் காலை ஏழு மணிக்குக் கிளம்பி, வழியில் மூன்று கிளினிக்குகளில் ரத்த மாதிரிகளை வாங்கிக்கொண்டு எட்டரைக்குள் போய்ச் சேர வேண்டும். நேர்காணலில் கேட்ட ஒரே கேள்வி, “சொந்த வண்டி இருக்கா?” என்பதுதான். இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். நாளுக்கு எண்பத்தெட்டு கிலோமீட்டர், அதுவும் அந்தத் தார்க்குழம்பு மாதிரி ஆயிலோடு. மெக்கானிக்கல் படித்துவிட்டு, பம்பு தொழிற்சாலையில் தரப்பரிசோதனை பார்த்துக்கொண்டு, இதைக் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க என்னால் முடியாது. “வண்டியில கை வைக்காத” என்று நீங்கள் போகும்போது சொன்னது நினைவிருக்கிறது. அதைப் பொதுவான அறிவுரையாக எடுத்துக்கொண்டேன்.

வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்க நம் வீட்டில் பள்ளம் இல்லாததால் சனிக்கிழமை காலை வண்டியைப் பட்டறை அண்ணனிடம் கொண்டுபோய், “பள்ளத்தை மட்டும் குடுங்க, வேலையை நானே பாத்துக்கறேன்” என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, கிலோமீட்டரைப் பார்த்துவிட்டு, “தொடாதீங்க தம்பி” என்றார். ஏன் என்று கேட்டேன். “லட்சத்துக்கு மேல ஓடுன கியர் பெட்டி. உள்ள கிளட்ச் பிளேட்டெல்லாம் தேஞ்சிருக்கும். தேஞ்ச தூள் அந்த ஆயில்லயேதான் கலந்திருக்கு. அந்த அழுக்குதான் பிளேட்டைப் புடிச்சு வெச்சிருக்கு. புதுசா ஊத்துனா வழுக்கிடும்.” இதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டேன். “உங்களுக்கு முன்னாடி ஆதாரம் கேட்ட மூணு பேரோட வண்டி பின்னாடி நிக்குது. போய்ப் பாருங்க.” போய்ப் பார்த்தேன். ஒன்றில் பூனை குட்டி போட்டிருந்தது. மூன்று வண்டியை வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வர முடியாது, எண்ணிக்கை போதாது என்றேன். பிரேக் வேலைக்காகப் பள்ளத்துக்குக் காத்திருந்த ஒரு லாரி டிரைவர், “அதான் நாலாவது வந்திருக்கே” என்றார். பிறகு கேட்காமலே சொன்னார்: “பதினோரு வருஷமா என் லாரி கியர் பெட்டிய நான் தொந்தரவு பண்ணல. அதுவும் என்னத் தொந்தரவு பண்ணல.” லாரியில் ஆயில் பற்சக்கரங்கள் உரசாமல் இருக்க மட்டும், ஆட்டோமேட்டிக்கில் ஆயில்தான் வேலையே செய்கிறது, அதன் அழுத்தம்தான் பிளேட்டுகளை இறுக்குகிறது, லாரியின் ஆயிலையும் மாற்றத்தான் வேண்டும் என்று ஏழு நிமிடம் விளக்கினேன். பொறுமையாக முழுவதும் கேட்டுவிட்டு, “டீ சொல்லவா?” என்றார்.

வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. எஞ்சினைச் சூடாக்கி, வண்டியை மட்டமாக நிறுத்தி, கியர் பெட்டியின் அடித்தட்டைக் கழற்றினேன். வந்தது ஆயில் அல்ல, மை. தட்டில் இருந்த காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒரு விரல் கனம். ஒருமுறை இறக்கினால் பாதிதான் வரும், மீதி உள்ளேயே ஒளிந்துகொள்ளும் என்பதால் மூன்று முறை இறக்கி மூன்று முறை ஏற்றினேன். புது வடிகட்டி. பதினெட்டு போல்ட்டுகளையும் குறுக்குமறுக்காக, முறுக்குவிசை அளவு பார்த்து இறுக்கினேன். எஞ்சின் ஓடும்போதே ஆயில் குச்சியை எடுத்து அளவு பார்த்தேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில், செக்கச் செவேலென்று இருந்தது. பகல் 12.40. முன்னால் போக லீவரை டிரைவில் போட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தேன். எஞ்சின் கத்தியது, வண்டி அசையவில்லை. ரிவர்ஸில் போட்டேன், பாறை மாதிரி நின்றது. சரி, நிதானமாக யோசிப்போம் என்று நியூட்ரலுக்குக் கொண்டுவந்துவிட்டுக் கண்ணை மூடினேன். “தம்பி, வண்டி வருது” என்றார் லாரி டிரைவர். நியூட்ரலில் கார் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது, அவருடைய லாரியை நோக்கி. பிரேக் அடித்தேன். பட்டறை அண்ணன் பூனைக்குட்டிகள் இருந்த திசையை மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அங்கேயே நோயைக் கண்டுபிடித்துவிட்டேன். முன்னோக்கித் தள்ளும் பிளேட்டுகள் தேய்ந்து வழுக்குகின்றன. பின்னோக்கித் தள்ளும் பிளேட்டுகள் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அதனால்தான் நியூட்ரலிலும் பின்னால் போகிறது. ரிவர்ஸில் மட்டும் ஏன் நின்றது என்பதற்கான விளக்கத்தைத் தனியாக எழுதுகிறேன். பள்ளம் லாரிக்கு வேண்டும் என்றதால் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஒன்றேகால் கிலோமீட்டர், பின்னோக்கி, ஐம்பத்திரண்டு நிமிடம். அக்காவுக்குப் போன் செய்தேன். குடையோடு வந்தாள், மடக்கிய குடையைக் கொடி மாதிரி ஆட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னால், அதாவது முன்னால், நடந்தாள். தையல்கடைக்காரர் வெளியே வந்து, “என்னப்பா, எதையோ மறந்துட்டு வந்து திரும்பப் போறியா?” என்றார். மருந்துக்கடைத் தெரு ஒருவழிப்பாதை என்பது உங்களுக்குத் தெரியும். காரின் முகம் சட்டப்படிதான் இருந்தது, நகர்வுதான் எதிர்த்திசை. போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டி நிறுத்தி, கொஞ்ச நேரம் வண்டியையே பார்த்துவிட்டு, “நீ உள்ள போறியா, வெளிய வர்றியா? அத முதல்ல சொல்லு” என்றார். வீட்டுக்குப் போகிறேன் என்றேன். “எந்தக் கியர்ல ஓட்டற?” நியூட்ரல் என்று உண்மையைச் சொன்னேன். தலையை உள்ளே நீட்டி லீவரைப் பார்த்தார். “எறங்கு. ஊது.” ஊதினேன். கருவியில் ஒன்றும் காட்டவில்லை, அதுதான் அவருக்கு இன்னும் வருத்தம். அக்கா வந்து, “படிச்சவன் சார், விட்டுடுங்க” என்றாள். “அது தெரியுது” என்றார்.

வீட்டில் அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, “சொந்த வண்டி இருக்கான்னு கேட்டாங்க, இருக்குன்னேன். எந்தப் பக்கம் போகும்னு அவங்க கேக்கல” என்றாள். பிறகு, “ஞாயித்துக்கிழமை ராத்திரி எட்டு மணி வரைக்கும் பாக்கறேன்டா. அதுக்கு மேல வேலை குடுத்த மேடம்கிட்ட முடியாதுன்னு சொல்லணும். அடுத்த ஆளு ரெடியா இருக்காங்க” என்றாள். வாடகை வண்டி பிடிக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். மாதிரிகளை வாடகை வண்டியில் ஏற்றக்கூடாது என்ற விதியை அச்சடித்த தாளாகவே என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பட்டறை அண்ணன் சொன்ன அழுக்குக் கதையைக் கேட்ட அம்மா மட்டும், “இனிமே இந்த வீட்ல நீ எதையும் சுத்தம் பண்ணாத. முக்கியமா உங்கப்பாகிட்ட உண்மை எதுவும் பேசாத. அந்த மனுஷன் ஏதோ இப்படியே ஓடிட்டிருக்கார்” என்றார். அப்பா அதே அறையில்தான் இருந்தார்.

ராத்திரி தூக்கமில்லை. யோசித்துப் பார்த்ததில் பட்டறை அண்ணன் சொன்னதற்கும் ஓர் அறிவியல் இருக்கிறது. தேய்ந்த தூள் ஆயிலில் கலந்தால் உராய்வு கூடும். அந்த உராய்வில்தான் தேய்ந்த பிளேட்டுகள் காலம் தள்ளியிருக்கின்றன. நான் கழுவி எடுத்தது அழுக்கை அல்ல, பிடிமானத்தை. தப்பைத் தப்பு என்று ஒப்புக்கொள்வதுதான் படித்தவனுக்கு அழகு என்பதால் இன்று காலை ஒன்பது மணிக்குப் பட்டறைக்குப் போய், லாரி டிரைவர் முன்னிலையில், “நீங்க சொன்னதுதான் சரி” என்றேன். “வெல்டிங் சத்தத்துல கேக்கல தம்பி, இன்னொரு தடவ சொல்லுங்க” என்றார். வெல்டிங்கை நிறுத்தச் சொல்லிவிட்டு, எல்லோரையும் அழைத்துவிட்டு, கேட்டார். சொன்னேன். இனிமேல் பழைய எதையும் தொடமாட்டேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஆகவே அத்தான், கியர் பெட்டியை இறக்கிப் பிரிப்பதைத் தவிர வழியில்லை, அதற்குப் பத்து நாள் ஆகும். உங்களிடம் ஒரே ஒரு உதவி. “தப்பு அவன்மேல மட்டும் இல்ல, நானும் பாத்திருக்கணும்” என்று அக்காவுக்கு ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள் என்று சொல்லவில்லை. ஆனால் கோபம் இரண்டாகப் பங்கு பிரியும்.

காற்று அடிக்கும்போது மேல்தளத்தில் நிற்க வேண்டாம் என்று அம்மாவும், ஒன்றும் சொல்வதற்கில்லை என்று அப்பாவும் சொல்லச் சொன்னார்கள். சொல்லிவிட்டேன். நல்லபடியாகப் போய், நல்லபடியாக வாருங்கள்.

என்றும் மரியாதை குறையாத,
உங்கள் மைத்துனன்

பி.கு. மாலை 6.25. மேலே உள்ள எதையும் நம்ப வேண்டாம். ‘மைத்துனன்’ என்று எழுதி முடித்தபோது வாசலில் எஞ்சின் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் கார் இல்லை. இருபது நிமிடம் கழித்து அக்கா தெருமுனையில் திரும்பி, முகம் முன்னால் இருக்க, முன்னோக்கியே வந்து நிறுத்தினாள். எப்படி என்று கேட்டேன். “லீவர்ல டிரைவுக்குக் கீழ இன்னும் ரெண்டு எடம் இருக்குல்ல, அதுல மொதல்ல இருக்கறதுல போட்டேன். போகுது” என்றாள். அது மேடு ஏறுவதற்கு மட்டும் என்றேன். “அது அதுக்குத் தெரியலடா” என்றாள்.

அடியில் படுத்துப் பார்த்தேன். லீவரிலிருந்து கியர் பெட்டிக்குப் போகும் கேபிளை ஒரு தாங்கி பிடித்துக்கொண்டிருக்கிறது. அடித்தட்டின் கடைசி போல்ட்டுக்கு ரெஞ்ச் போகவில்லை என்று அந்தத் தாங்கியைக் கழற்றியது நான்தான். மாட்டும்போது ஒரு துளை தள்ளி மாட்டியிருக்கிறேன். அதனால் லீவர் ஒன்று சொல்ல, பெட்டி அதற்கு முந்தையதைச் செய்திருக்கிறது: டிரைவுக்குக் கீழே போட்டால் டிரைவ், டிரைவில் போட்டால் நியூட்ரல், நியூட்ரலில் போட்டால் ரிவர்ஸ், ரிவர்ஸில் போட்டால் பார்க்கிங். தனியாக எழுதுகிறேன் என்ற விளக்கம் இதுதான். பிளேட்டுகளுக்கு ஒன்றும் இல்லை. புது ஆயிலில் கியர் முன்னைவிட மென்மையாக மாறுகிறதாம், அக்கா சொல்கிறாள். ஆக, அறிவியல் சொன்னது சரி, அழுக்குக் கதை தப்பு, நான் ஊரறியக் கேட்ட மன்னிப்பும் தப்பு. அதைத் திரும்பப் பெற வேண்டுமென்றால் தாங்கியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.

நான் அடுத்து செய்யப்போவது:

1. தாங்கியைச் சரியான துளையில் மாட்டுவது. இன்றே, எட்டு மணிக்குள். பத்து நிமிட வேலை.

2. மாட்டிய பிறகு எல்லாக் கியரிலும் ஓட்டிப் பார்ப்பது. அக்காதான் ஓட்டுவாள். நான் பின்சீட்டில்.

3. மேலே எழுதிய அத்தனையையும் அழித்துவிட்டு, “கியர் ஆயில் மாற்றினேன், நன்றாக இருக்கிறது” என்று ஒரு வரி மட்டும் அனுப்புவது. இது நடக்காது. என் தோளுக்குப் பின்னால் நின்று அக்கா முழுவதையும் படித்துவிட்டு, “ஒரு எழுத்து மாத்தாம அனுப்பு” என்கிறாள்.

4. பட்டறை அண்ணனிடம் உண்மையைச் சொல்வது. தேதி இன்னும் முடிவாகவில்லை. லாரி டிரைவர் வெளியூர் போயிருக்கும் நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

5. நாளை காலை ஏழு மணிக்கு, எண்பத்தெட்டு கிலோமீட்டரில் எங்கே எப்படி ஓட்ட வேண்டும் என்று எனக்குத் தெரிந்த எதையும் சொல்லாமல், அக்காவுக்குக் கேட்டைத் திறந்துவிடுவது.