நூறு குறைச்சாக் காணும்

"தொண்ணூற்றிரண்டு டிகிரி!" என்று கோபிசங்கர் அலறிய அலறலில், கோப்பாய் வீட்டுக் குசினியில் நின்ற தாய் இரத்தினம்மாவின் கையிலிருந்து அகப்பை விழுந்தது.

"ஆருக்கடா காய்ச்சல்?"

"லப்டொப்புக்கு அம்மா!"

இரண்டு மணிக்குத் தொடங்கிய ஒன்லைன் கேம் இறுதிப் போட்டி. எதிரி கண்முன்னே வரும்போதெல்லாம் படம் இழுத்து இழுத்து ஓடியது. உள்ளே இருந்து படத்தை ஓட்டுகிற கிராபிக்ஸ் காட் கொதித்தால் அப்படித்தான்.

அவன் ஆடப்போகும் கடைசி ஆட்டமும் இதுதான். ஐந்து மணிக்குக் கொடிகாமத்திலிருந்து தர்சினியின் தாயும் தகப்பனும் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள். புரோக்கர் அவர்களிடம், "பொடியனுக்கு கேம் எண்டால் என்னெண்டே தெரியாது" என்று அளந்து விட்டிருந்தார். கோயிலடியில் தர்சினி ஒரேயொரு தரம் சிரித்தாள். அன்றிலிருந்து இவனுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சிரிப்புக்காக, நாளைக்கே லப்டொப்பை விற்றுவிடுவதாகத் தாய்க்குச் சத்தியம் பண்ணியிருந்தான். நெஞ்சு வலித்தது. ஆனாலும் பண்ணினான்.

அடியில் காற்றுப் போகட்டுமென்று லப்டொப்பை இடியப்பத் தட்டுகளின் மேல் தூக்கி வைத்தான். அங்கே சூடு கொஞ்சம் இறங்க, குசினியில் ஏறியது.

"வாற ஆக்களுக்கு நான் எதிலையடா இடியப்பம் பிழியிறது?"

"பொறம்மா, முடியப் போகுது!"

பிறகு விறாந்தையில் இருந்த மின்விசிறியைக் கொண்டுவந்து முழு வேகத்தில் போட்டான். தட்டில் ஒட்டிக் கிடந்த மாவெல்லாம் கிளம்பி, பாதி அவன் முகத்திலும் பாதி லப்டொப்பின் துவாரங்களுக்குள்ளும் போய்ச் சேர்ந்தது. தொண்ணூற்றைந்து! சேட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, காங்கேசன்துறையில் இருந்து கூடவே ஆடிக்கொண்டிருந்த மயூரதனைப் போனில் பிடித்தான்.

"மச்சான், காத்தடிச்சுச் சரிவராது. உன்ரை கிளொக்கைக் குறை" என்றான் மயூரதன். காட் ஓடுகிற வேகத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது.

"ஓமடா, கிளொக்தான் பிழை! கண்டபாட்டுக்கு ஓடுது! எவ்வளவு குறைக்க? நூறு குறைச்சாக் காணுமோ? சரி, நூறு!"

இந்தக் கத்தல் முன்னறையில் இருந்த தகப்பன் பொன்னம்பலத்தின் காதில் விழுந்தது. அவர் சுவர் மணிக்கூட்டைச் சந்தேகத்தோடு பார்த்தார். கம்பியூட்டர் படித்த பிள்ளை சொன்னால் பிழைக்காது என்பது அவருடைய கொள்கை. கதிரையில் ஏறி, முள்ளை நூறு நிமிடம் பின்னுக்குத் திருப்பிவிட்டு, திருப்தியோடு இறங்கினார்.

அறைக்குள்ளே மகனும் தன் கிளொக்கைக் குறைத்தான். சூடு மளமளவென்று இறங்கியது. படம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. அவனுக்கு உலகமே குளிர்ந்துவிட்டது.

"அப்பா, மணி என்ன?"

"மூண்டுகூட ஆகேல்லை. ஆறுதலா விளையாடு."

மணிக்கூட்டை எட்டிப் பார்த்த இரத்தினம்மாவும், நேரம் கிடக்குத்தானே என்று முழுகக் கிணற்றடிக்குப் போனாள்.

கொடிகாமத்து வான் வந்து நின்றது ஒருவருக்கும் கேட்கவில்லை. தர்சினியின் தாய் உதயகலாவும் தகப்பனும் சத்தம் வந்த அறையை எட்டிப் பார்த்தார்கள். வெறும் மேல், மடித்துக் கட்டிய சாரம், முகமெல்லாம் மா. இடியப்பத் தட்டுக்கு முன்னால் குந்தியிருந்த மாப்பிள்ளை குழறிக்கொண்டிருந்தார்:

"சுடடா! தலையிலை சுடு! ஒருத்தனையும் உயிரோடை விடாதை! ஆ... வெண்டிட்டம்!"

இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு துள்ளித் திரும்பியவன் அப்படியே நின்றான். போச்சு. அந்தச் சிரிப்பு அவ்வளவுதான்.

பொன்னம்பலம் ஓடிவந்தார். "என்ன, இவ்வளவு நேரத்தோடை வந்திட்டியள்? மூண்டரைகூட ஆகேல்லை!"

"அஞ்சு தாண்டிட்டுது அண்ணை" என்றார் தர்சினியின் தகப்பன், கைக்கடிகாரத்தைக் காட்டி.

"அப்ப இவன்தான் கிளொக் பிழை, நூறு குறை எண்டு கத்தினவன். நான் குறைச்சன்!"

கோபிசங்கர் தலை குனிந்தான். இனி மறைத்து என்ன பயன்?

"அது மணிக்கூடு இல்லையப்பா. கேம் விளையாடேக்கை லப்டொப் சூடாகும். சூட்டைத் தணிக்க அதுக்குள்ளை இருக்கிற கிளொக்கைத்தான் குறைக்கிறது."

உதயகலா அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மெல்லப் புருசன் பக்கம் திரும்பினாள்.

"கேட்டியளே? எங்கடை தர்சினி அறைக்குள்ளை இருந்து இதே மாதிரி 'கிளொக் பிழை' எண்டு கத்தக் கத்த, நல்ல மணிக்கூட்டை நாலு தரம் கடைக்குக் கொண்டுபோய்த் திருத்தினியளே!"