எல்லா ஊரிலும் ஒரே மாதிரி

குடிநீர்த் துறையின் மேலான கடமைகளில் மக்களின் புகாரைப் பதிவு செய்வதும் ஒன்று. அதற்கான மென்பொருள், அதை எழுதிய புரோகிராமர் அம்மாளின் கம்ப்யூட்டரில் சமர்த்தாக ஓடும். மற்ற ஊர் அலுவலகங்களில் பில்ட் செய்தால், அதாவது நிரலைத் தொகுத்து ஓடும் மென்பொருளாக்கப் பார்த்தால், பாதியிலேயே படுத்துக்கொள்ளும். அதற்கு வேண்டிய துணைக் கருவிகள் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒவ்வொரு வெர்ஷன்.

அந்த அம்மாளே ஒரு வழி சொன்னாள். தேவையான கருவிகளையெல்லாம் சரியான வெர்ஷனில் கன்டெய்னர் இமேஜ் என்கிற ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டால், யார் எங்கே திறந்தாலும் உள்ளே ஒரே சூழல்தான். பில்டும் ஒரே மாதிரி வரும் என்றாள். இயக்குநருக்கு மற்றதெல்லாம் பிடிபடவில்லை. 'ஒரே மாதிரி' மட்டும் பிடித்துப்போனது. அன்றே சீர்மைக் குழு ஒன்றை அமைத்து ஆணையிட்டார்.

குழு கூடியது. கணக்குப் பிரிவு தன் சம்பள மென்பொருளையும் இமேஜுக்குள் போடச் சொன்னது. பாதுகாப்பு அதிகாரி இரண்டு வைரஸ் தடுப்பான்களைப் போட்டார். அவை ஒன்றையொன்று வைரஸ் என்று பிடித்துக்கொண்டன. இயக்குநர் தம் வரவேற்புரையை வீடியோவாகச் சேர்த்தார். தேதியைக் கணக்கிடும் கருவியில் மட்டும் பழைய வெர்ஷனே இருக்கட்டும், அதுதான் பழகியது என்று குழு தீர்மானித்தது. அதில் பிழை இருக்கிறது என்று அந்த அம்மாள் சொன்னதைக் குழு கனிவுடன் கேட்டுக்கொண்டது. ஊதிப்போன இமேஜைக் கம்ப்யூட்டரில் இறக்கவே ஒரு முழு அலுவலக நாள் ஆனது. ஊழியர்கள் யாரும் முணுமுணுக்கவில்லை.

பழைய தேதிக் கருவி தன் வேலையைக் காட்டியது; தீர்க்க வேண்டிய கெடு எப்போதோ முடிந்துவிட்டதாகக் கணக்குப் போட்டது. பதிவான புகாரெல்லாம் பதிவான நொடியிலேயே 'தீர்க்கப்பட்டது' என்று மூடிக்கொண்டது. அந்த அம்மாள் பதறிப்போய் இயக்குநர் அறைக்கு ஓடினாள்.

"எந்த ஊர்ல இப்படி ஆகுது?" என்றார் அவர்.

"எல்லா ஊர்லயும் சார்."

"ஒரே மாதிரியா?"

"ஆமா சார்."

"ஒரு ஊர்ல மட்டும் தப்பா இருந்தாத்தாம்மா அது தப்பு. எல்லா ஊர்லயும் இருந்தா அதுக்குப் பேரு தரம்."

நிலுவையில் ஒரு புகார்கூட இல்லாத ஒரே துறை என்று அந்த ஆண்டு விருது வந்தது. மேடையில் அவளுக்கும் ஒரு பதக்கம். வேண்டாம் என்று சொல்லத்தான் போனாள். முன்வரிசையில் கணவனும் மாமியாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்தால் வெறும் காற்று. உன் ஆபீஸில் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று மாமியார் கேட்டார். சொன்னால் அந்த நொடியே தீர்ந்துவிட்டதாக வரும், தண்ணீர்தான் வராது என்று இவள் உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

மாமியார் மதில் ஓரம் போய்ப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் ஏதோ விசாரித்தார். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"அவங்க வீட்லயும் வரலையாம்," என்றவர், காலி வாளியை ஓரமாக வைத்துவிட்டு நிம்மதியாக டிவி முன் உட்கார்ந்தார்.