தங்கநாக்கரும் நுரை தின்ற கல்லும்

சனிக்கிழமை என்றால் அந்த மதுக்கூடத்து வரிசை தெருமுனை வரைக்கும் வளைந்து நிற்கும். உள்ளே யாரும் எதையும் சும்மா கொடுக்கவில்லை. தங்கநாக்கர் வருகிறார், அவ்வளவுதான். வரிசையில் பல் டாக்டர் நிற்பார், கணக்கு வாத்தியார் நிற்பார், நீதிமன்ற எழுத்தர் நிற்பார். எல்லோரும் நன்றாகப் படித்தவர்கள். படிக்காதவர்களுக்கு அந்த நேரத்தில் வேறு வேலை இருந்திருக்கும்.

தங்கநாக்கர் என்ற பெயரை ஊர்தான் வைத்தது என்று அவர் சொன்னார். அவரேதான் வைத்துக்கொண்டார் என்று ஊர் சொன்னது. வாயைச் சுற்றிப் பட்டுத்துணி கட்டிக்கொண்டு வருவார். கண்ட காற்று பட்டால் நாக்கு மழுங்கிவிடுமாம். தெருவில் கடன்காரன் கூப்பிட்டால்கூட வாய் திறக்க மாட்டார் என்பார்கள். அது நாக்குக்காகத்தானா என்று யாரும் விசாரித்ததில்லை.

அங்கே காய்ச்சும் கலங்கலான ஐ.பி.ஏ. என்ற வகை பீர்தான் அவருடைய களம். ஆரஞ்சுச் சாறு போல இருக்கும். கிளாஸுக்குப் பின்னால் விரலை வைத்தால் தெரியாது, அவ்வளவு மங்கல். ஓட்ஸும் கோதுமையும் சேர்த்துக் காய்ச்சி, ஹாப்ஸ் பூவை அள்ளிக் கொட்டுவதால் வருகிற கலங்கல் அது. பழவாசனையும் அந்தப் பூ கொடுப்பதுதான். பீர் காய்ச்சுகிறவர் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். யார் கேட்பது? அவர் ரப்பர் பூட்ஸ் போட்டவர். தங்கநாக்கர் பட்டுத்துணி கட்டியவர்.

தங்கநாக்கரின் சித்தாந்தம் வேறு. கலங்கலில் ஆளின் மனசு தெரியுமாம். நீங்கள் கிளாஸைப் பிடித்துக்கொண்டு நூறு எண்ண வேண்டும். அவர் ஒரு மிடறு உறிஞ்சி, கண்ணை மூடி, நாக்கைப் புரட்டிவிட்டுச் சொல்வார். உங்களைப் புரிந்துகொள்ளாத ஒருவர் வீட்டில் இருக்கிறார். நீங்கள் செய்த உழைப்புக்கு வேறொருவர் பெயர் வாங்குகிறார். கேட்டவர்கள் கண் கலங்கிப்போவார்கள். இந்த இரண்டும் இல்லாத மனுஷன் எங்கே இருக்கிறான் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மனசின் கசப்பு பீரில் இறங்கிவிட்டது என்று தீர்ப்பு வந்தால் அதற்குப் பரிகாரமும் அவரிடமே இருந்தது. ஒரு தகர டப்பாவிலிருந்து பச்சைக் கல் ஒன்றை எடுத்துத் தருவார். விலையை அவர் உதவியாளர் காதோடு சொல்வார். கல்லை பீரில் போட்டுக் குடித்தால், அடேயப்பா, ஆரஞ்சு மணம் மூக்கைத் துளைக்கும். இரண்டே இரண்டு விதிகள். வாரம் ஒருமுறை கல்லைக் கொண்டுவந்து டப்பாவில் போட்டு உயிரூட்டிக்கொள்ள வேண்டும். கல்லின் மேல் சோப்பு படவே கூடாது.

இதையெல்லாம் கவுண்டருக்குப் பின்னால் நின்று கிளாஸ் கழுவியபடி ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் அவள் அக்கா. அறுபது வயது வாடிக்கையாளருக்கும் அக்காதான். பதினோரு வருஷமாக அங்கே கிளாஸ் கழுவுகிறாள். கழுவிய கிளாஸை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்க்காமல் கீழே வைக்கமாட்டாள்.

கல் வியாபாரம் சூடுபிடித்த இரண்டாவது மாதம் ஒரு சிக்கல் வந்தது. பீரில் நுரை நிற்கவில்லை. ஊற்றும்போது இரண்டு விரல் உயரம் பொங்கும், மேஜைக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் குட்டைத் தண்ணீராகிவிடும். எல்லாக் கிளாஸிலும் அல்ல, சிலவற்றில் மட்டும். காய்ச்சுகிறவர் பூவை மாற்றிப் பார்த்தார், கோதுமையைக் கூட்டிப் பார்த்தார், ஒரு தொட்டி பீரைச் சாக்கடையில் கொட்டியும் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

முதலாளியம்மா தங்கநாக்கரிடம் யோசனை கேட்டார். வியாழக்கிழமை அவர் வந்து, நுரை செத்த ஒரு கிளாஸை ருசி பார்த்து, கிளாஸ் கழுவுவது யார் என்று கேட்டார். அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அவளுடைய கணவர் இறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அந்தச் செய்தியை முதலாளியம்மா போன வாரமே தேநீர் குடித்தபடி தங்கநாக்கரிடம் சொல்லியிருந்தார். அதுகூட அவருடைய நாக்கில் தெரிந்துவிட்டது, பாருங்கள்.

"இந்தக் கையில அழுகை இருக்கு," என்றார். "இந்தக் கை தொட்ட கிளாஸ்ல நுரை நிக்காது."

வாடிக்கையாளர்கள் அக்காவின் கையைப் பார்த்தார்கள். ஒருத்தர் தன் கிளாஸை மெல்ல அவளிடமிருந்து தள்ளி வைத்தார். சாயங்காலம் முதலாளியம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சனிக்கிழமையோடு நின்றுகொள்ளச் சொன்னார். கோபம் ஒன்றும் இல்லையாம், வருத்தம்தானாம்.

பஸ்ஸில் போகும்போது அக்கா தன் இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள். உண்மையைச் சொல்வதானால், நாலு நிறுத்தம் வரைக்கும் அவளும் அதை நம்பினாள். எல்லோரும் சேர்ந்து ஒன்றைச் சொன்னால் நம் கைமேலேயே நமக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

வீட்டில் அவளுடைய தங்கை இருந்தாள். பேக்கரியில் வேலை செய்பவள். அக்கா உள்ளே நுழைந்ததும் மூக்கைச் சுருக்கினாள்.

"என்னக்கா, உன்கிட்ட எங்க பேக்கரி வாசம் வருது?"

அக்காவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. யாரோ கிளாஸில் மறந்துவிட்டுப் போன பச்சைக் கல்லைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று பையில் போட்டு வைத்திருந்தாள். எடுத்துக் கொடுத்தாள். தங்கை ஒரு முறைதான் முகர்ந்தாள்.

"இது கேக்குக்கு ஊத்துற ஆரஞ்சு எசென்ஸ். எண்ணெய்ல கலக்கினது. தொட்டுப் பாரு, வழவழன்னு இருக்கு."

இத்தனை படித்தவர்கள் தலைவிதியை முகர்ந்த இடத்தில் அவள் கேக்கை முகர்ந்தாள். அக்கா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நுரை நிற்காது என்பது கிளாஸ் கழுவுகிறவளுக்குத் தெரியாதா? அதற்காகத்தானே ஒவ்வொரு கிளாஸையும் விளக்கில் தூக்கிப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, கடை திறக்கும் முன்னால், காய்ச்சுகிறவரைக் கூப்பிட்டு இரண்டு கிளாஸில் ஊற்றச் சொன்னாள். ஒரே குழாய், ஒரே பீர், கழுவியதும் ஒரே கை. ஒன்றில் மட்டும் கல்லைப் போட்டாள். நூறு எண்ணுவதற்குள் அதில் நுரை மாயமாகி, மேலே வண்ணவண்ணமாக ஒரு படலம் மினுங்கியது. மற்றதில் நுரை அப்படியே நின்றது. பிறகு கல்லை வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துப் புதிய கிளாஸில் போட்டாள். நுரை அசையவில்லை. வாசனை கொஞ்சமும் கூடவில்லை. காய்ச்சுகிறவர் கவிழ்த்து வைத்திருந்த கூடைமேல் உட்கார்ந்து, இத்தனை நாளாக நல்ல பூவைத் திட்டிக்கொண்டிருந்தேனே என்று புலம்பினார். உடனே முதலாளியம்மாவிடம் போகலாம் என்றார். அக்கா வேண்டாம் என்றாள். அவள் சொன்னால் வேலை போகிற கடுப்பில் சொல்கிறாள் என்பார்கள். தங்கநாக்கர் வாயாலேயே வரட்டும் என்றாள்.

சனிக்கிழமை கூட்டம் நிறைந்திருந்தபோது அக்கா தங்கநாக்கர் முன்னால் போய் நின்றாள். இன்றைக்குக் கடைசி நாள், போவதற்கு முன் ஐயாவின் நாக்கின் அருமையைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போக ஆசை என்றாள். மூன்று கிளாஸ் வைப்பார்கள். எதில் அவருடைய கல் இருக்கிறது என்று அவர் ருசித்துச் சொல்ல வேண்டும். கூட்டம் கைதட்டியது. கைதட்டிய பிறகு தங்கநாக்கர் எப்படி மாட்டேன் என்பார்?

உள்ளே காய்ச்சுகிறவர் ஊற்றினார். கணக்கு வாத்தியார் கிளாஸ்களை வரிசை மாற்றி எடுத்துக்கொண்டு வந்தார். அக்கா எதையும் தொடவில்லை. அடியில் என்ன கிடக்கிறது என்பது அந்தக் கலங்கலில் யாருக்கும் தெரியாது.

தங்கநாக்கர் பட்டுத்துணியை அவிழ்த்தார். முதல் கிளாஸ். உதட்டைப் பிதுக்கினார். வெறும் பீர், கல்லின் சுவடே இல்லை என்றார். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை மூக்கருகே கொண்டுபோனதும் முகம் மலர்ந்தது.

"இதோ. இதுல கல் பேசுது. மனசோட கசப்பெல்லாம் கரைஞ்சு போச்சு."

வாத்தியார் முதல் கிளாஸை ஒரு ஜாடியில் கவிழ்த்தார். டக் என்று பச்சைக் கல் விழுந்தது. தங்கநாக்கரின் சொந்தக் கல், சோப்பு போட்டுக் கழுவியது. இரண்டாவதில் ஒன்றும் இல்லை. மூன்றாவதைக் கவிழ்த்தபோது விழுந்தது ஒரு ஜல்லிக்கல். பின்வாசலில் குப்பைத் தொட்டியை ஒட்டிக் கிடப்பது.

அந்தக் கை கெடுத்துவிட்டது என்று தங்கநாக்கர் ஆரம்பித்தார். எந்தக் கை, என் கையா என்று வாத்தியார் கேட்டார். அக்கா ஒரு சின்னப் பாட்டிலைக் கவுண்டரில் வைத்தாள்.

"கேக்கு எசென்ஸ். ஜல்லியை இதுலதான் முக்கினோம். இதை முகர்ந்து பாருங்க. அப்புறம் உங்க கல்லை முகர்ந்து பாருங்க. நுரையைத் தின்னது எதுன்னு நீங்களே சொல்லுங்க."

அடுத்த ஐந்து நிமிடம் பார்க்கக் கண்கோடி வேண்டும். பட்டம் வாங்கியவர்கள் ஒரு கூடம் நிறைய உட்கார்ந்து ஆளுக்கொரு கல்லை முகர்ந்துகொண்டிருந்தார்கள். பல் டாக்டர் எழுந்துபோய்க் கொஞ்சம் சோப்பு கேட்டார். அந்தச் சந்தடியில் தங்கநாக்கர் டப்பாவையும் உதவியாளரையும் எடுத்துக்கொண்டு நழுவினார். அவசரத்தில் தங்கநாக்கைப் பட்டுத்துணி இல்லாமலே வெளிக்காற்றில் கொண்டுபோனார்.

முதலாளியம்மா தரையைப் பார்த்தபடி, திங்கட்கிழமை வழக்கம்போல வந்துவிடும்மா என்று முணுமுணுத்தார். அக்கா நகரவில்லை.

"எல்லார் முன்னாடியும்தான் என் கையைக் குத்தம் சொன்னாங்க. இதையும் எல்லார் முன்னாடியும் சொல்லுங்கம்மா."

முதலாளியம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். கையில் குற்றமில்லை, குற்றம் தன்னுடையது என்றார். அக்கா தலையசைத்துவிட்டுக் கிளாஸ் கழுவும் தொட்டிக்குத் திரும்பினாள்.

அவள் அடுத்த கிளாஸை எடுப்பதற்குள் நீதிமன்ற எழுத்தர் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அக்கா, அவர் மோசடி ஆள்தான், ஒத்துக்கறேன். ஆனா அந்த ஜல்லி பேசுதுன்னு அவர் அறியாமலே சொன்னார் பாருங்க, அதுல ஏதோ இருக்கும். அதை நான் எடுத்துக்கலாமா?"

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பின்வாசல்ல ஒரு லாரி ஜல்லி கிடக்கு சார், அள்ளிக்கிட்டுப் போங்க. பீர்ல போடுங்க, தலகாணிக்கு அடியில வைங்க, உங்க இஷ்டம். மண்டைக்குள்ள மட்டும் போட்டு ரொப்பிடாதீங்க. யோசிக்கக் கொஞ்சம் இடம் வேணும்."