வரிசையில் நிற்க முடிந்தவருக்கு நாற்காலி எதற்கு?

அரசாங்கத்துக்குச் சொந்தமாக வாய் கிடையாது. அந்தக் குறையைத் தீர்த்துவைப்பதற்கென்றே பிறந்த ஓர் இனம் உண்டு. அலுவலகத்துக்கு ஒருவராவது இருப்பார். அறிவிப்புப் பலகை இருந்த காலத்தில் ஆணியடித்து மாட்டியவர், இணையதளம் வந்தபிறகு உட்கார்ந்த இடத்திலிருந்தே மாட்டுகிறார். நீங்களும் ஏதோ ஒரு சான்றிதழுக்காகவோ குழாய் இணைப்புக்காகவோ அப்படியொரு தளத்தைத் திறந்திருப்பீர்கள். திறந்த கையோடு, நீங்கள் எதையோ திருட வந்தது போலவும் வாசலிலேயே உங்களைப் பிடித்துவிட்டது போலவும் சிவப்பு எழுத்தில் ஒரு வரி ஓடியிருக்கும்: "கண்ணிருந்தும் படிக்காமல் விண்ணப்பிப்பவர்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல." யார் இந்த நாங்கள்? அமைச்சரா? சட்டமா? கம்ப்யூட்டரா? ஒரே ஒருவர்தான். சட்டைப்பையில் இரண்டு பேனாவும் மேசையில் தலைவலித் தைலமுமாக, மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பவர். அவரைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

நல உதவி அலுவலகத்தில் அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தெரியும். மற்றவர்களுக்கு அவர் 'கொள்கிறோம்'. எதை எழுதினாலும் "தெரிவித்துக்கொள்கிறோம்", "எச்சரித்துக்கொள்கிறோம்", "மனவருத்தத்துடன் நினைவூட்டிக்கொள்கிறோம்" என்றே முடிப்பதால் வந்த பெயர். "கொள்கிறோம் சாப்பிடப் போயிட்டாரா?" என்று கேட்டால் வாசல் காவலாளிகூடச் சரியான அறையைக் கை காட்டுவார்.

கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். கைநீட்டிக் காசு வாங்கியதில்லை. நேரத்துக்கு வருவார், நேரத்துக்குப் போவார். நேரில் யாராவது சத்தம் போட்டால், "சரிங்க, பாக்கலாங்க, உக்காருங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பார். வீட்டிலும் பூனைதான், மனைவி "அந்த டிவியைக் கொஞ்சம் குறைங்க" என்றால் அணைத்தே விடுவார். இப்படி நாள் முழுக்க மென்று விழுங்கியதெல்லாம் எங்கேதான் போகும்? விசைப்பலகைக்குப் போகும். அங்கே கை வைத்தாரோ இல்லையோ, முதுகு நிமிர்ந்துவிடும், குரல் தடித்துவிடும், ஒருமை பன்மையாகிவிடும். காலையில் அவரிடம் கத்திவிட்டுப் போன ஒரே ஒரு மனிதருக்காக ஊரையே நிற்கவைத்துத் திட்டி, மாலைக்குள் தளத்தில் ஏற்றச் சொல்லிவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போவார். திட்டு வாங்கவேண்டியவர் அதைப் படிக்கவேமாட்டார். மற்ற எல்லாரும் படிப்பார்கள்.

"சார், 'அதிமேதாவிகள்'ங்கிற வார்த்தை வேணுமா?" என்று தளத்தில் ஏற்றும் பெண் ஒருமுறை கேட்டாள்.

"ஏம்மா, எழுத்துப்பிழையா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன?"

அவள் ஏற்றிவிட்டாள். அவளுக்கும் ஐந்தரைக்குப் பேருந்து.

நடுநிலை விஷயத்திலும் அவருக்கென்று ஒரு முறை உண்டு. தளம் படுத்துவிட்டால் வேறு யாராவது "தளம் தற்போது இயங்கவில்லை" என்று எழுதுவார்கள். அவர் எழுதுவது: "முந்தைய நிர்வாகம் வாங்கித் தந்த கணினிகளின் இலட்சணத்தால் தளம் தற்போது இயங்கவில்லை." பிறகு ஆட்சி மாறியது. புதியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். எல்லாத் தளங்களிலும் படங்களை மாற்றினார்கள், நிறங்களை மாற்றினார்கள். கொள்கிறோம் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. 'முந்தைய நிர்வாகம்' தானாகவே ஆளை மாற்றிக்கொண்டுவிட்டது. எந்தப் பக்கமும் சாயாத மனிதர் என்று தன்னைப் பற்றி அவருக்கு ஓர் எண்ணம் உண்டு. அது இப்படி வந்ததுதான்.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கையும் வந்தது. அரசு இணையதளங்களின் மொழி நடுநிலையாகவும் மரியாதையாகவும் இருக்கவேண்டும், யாரையும் புகழவோ இகழவோ கூடாது என்று அதில் தெளிவாக இருந்தது. கொள்கிறோம் அதை நிதானமாக, தலையை ஆட்டி ஆட்டிப் படித்தார். நெடுநாள் காத்திருந்த நியாயம் கிடைத்துவிட்டது போல முகம் மலர்ந்தது. அன்றே அதைத் தளத்தின் முகப்பில், தன் கைப்பட ஒரு முன்னுரையோடு போட்டார்: "இதைப் படித்த பிறகாவது பொதுமக்கள் மரியாதை என்றால் என்ன என்று தெரிந்துகொள்வார்கள் என நம்பிக்கொள்கிறோம்."

அவர் எழுதியவற்றிலேயே அவருக்கு மிகவும் பிடித்தது சக்கர நாற்காலிப் பக்கம். நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு அலுவலகம் இலவசமாகச் சக்கர நாற்காலி கொடுக்கிறது. வீட்டுக்குள் நான்கு அடி நடப்பவராக இருந்தாலும் தெருவில் போக முடியாதென்றால் கொடுக்கலாம் என்பதுதான் விதி; அது அவருக்கு மனப்பாடம். ஆனால் ஒருநாள் காலையில் காரிலிருந்து குதித்து இறங்கிய ஒருவர், படியை இரண்டிரண்டாகத் தாண்டி வந்து, "நாற்காலி எங்கய்யா கொடுக்கிறீங்க?" என்று அதட்டினார். தன் தாய்க்காகக் கேட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. பிறகுதானே? அதற்குள் எழுதி ஏற்றியாகிவிட்டது.

"சுவரைப் பிடித்துக்கொண்டாவது நடக்க முடிந்தவர்கள், இலவசம் என்றதும் ஓடிவந்து வரிசையில் நிற்பதைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். வரிசையில் நிற்க முடிந்தவருக்கு நாற்காலி எதற்கு?"

அந்தக் கடைசிக் கேள்வியை அவர் திரும்பத் திரும்பப் படித்து ரசித்தார். மதிய உணவின்போது பக்கத்து மேசைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லிக் காட்டினார். அந்த மாதம் விண்ணப்பங்கள் பாதியாகக் குறைந்தன. பார்த்தீர்களா, எல்லாம் போலிகள் என்றார்.

அவருக்கு ஓர் அக்கா உண்டு. அக்காவின் கணவர் பேருந்து ஓட்டியவர். ஊரில் பாதிப்பேரை ஏற்றி இறக்கிய மனிதர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதிலிருந்து, சுவரைப் பிடித்தபடி கட்டிலிலிருந்து குளியலறைவரை போவார், வருவார். அவ்வளவுதான் அவருடைய வழித்தடம். ஆரம்பத்திலேயே அக்கா தம்பியிடம் கேட்டாள். தம்பிதான் நேர்மையாளர் ஆயிற்றே! "சிபாரிசெல்லாம் நமக்கு ஒத்துவராதுக்கா. வெப்சைட்டுல எல்லாம் இருக்கு. படிச்சுப் பார்த்துப் போடு, தானா கிடைக்கும்" என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு மறந்தும் போனார்.

ஒரு விடுமுறை நாளில் அக்கா வீட்டுக்குப் போனபோது, கூடத்தில் அத்தான் ஒரு நாற்காலியில் உருண்டுகொண்டிருந்தார். அலுவலகங்களில் சுழல்கிறதே, அந்தச் சின்னச் சக்கரம் வைத்த நாற்காலி. கைப்பிடி ஒன்று இல்லை. மூடிப்போன ஏதோ கம்பெனியின் பழைய சாமான்களில் அக்கா பொறுக்கி வந்திருந்தாள். துப்பட்டா ஒன்றால் அத்தானை நாற்காலியின் முதுகோடு சேர்த்துக் கட்டியிருந்தாள், சரிந்துவிடாமல் இருக்க. ஜன்னல்வரை உருளும், வாசல்படி வந்தால் நின்றுவிடும். வண்டி அங்கேதான் பிரேக் டவுன் என்று அத்தான் சிரித்தார். தெருமுனைக் கடையில் அவரோடு வேலை பார்த்த ஓட்டுநர்கள் தினமும் கூடுவார்கள். அந்தப் பேச்சுச் சத்தம் காற்றடிக்கும் திசையைப் பொறுத்து ஜன்னலுக்கு வந்துபோகும்.

"என்னக்கா இது? நாற்காலிக்கு இன்னும் போடலையா?"

அக்கா சமையலறைக்குப் போனாள். அத்தான்தான் சொன்னார்.

"அதெல்லாம் நமக்கில்ல மச்சான். நிஜமாவே முடியாதவங்களுக்குக் கொடுக்கறது அது. நான்தான் நடக்கிறேனே."

"யார் சொன்னா?"

"உங்க ஆபீஸ்லதான் போட்டிருக்கே."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். போனை எடுத்தாள். தேடவேண்டியிருக்கவில்லை, படமெடுத்தே வைத்திருந்தாள். தம்பிக்கு எதிரில் நின்று, ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். பள்ளிப் பருவத்தில் அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அதே குரல். 'சுவரைப் பிடித்துக்கொண்டாவது' என்ற இடத்தில் அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசிக் கேள்விக்கு வந்தபோது அவளுடைய குரல் உடைந்தது. மதிய உணவின்போது அவர் வாய்விட்டுச் சொல்லி ரசித்த கேள்வி அதுதான்.

"இதைப் படிச்ச அன்னிக்கு இவரு சாப்பிடல. 'அப்ப நான் ஏமாத்துக்காரனாடி?'ன்னு கேட்டாரு. நான் என்னடா சொல்றது?"

கொள்கிறோம் அவள் கையிலிருந்த போனையே பார்த்தார். "விதி அப்படி இல்லக்கா" என்றார். "வீட்டுக்குள்ள நடந்தாலும் கொடுக்கலாம்."

"அப்ப இப்படி எழுதினது யாரு?"

எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ கேள்விகளுக்கு "நாங்கள் பரிசீலிக்கிறோம்" என்று சொல்லியிருக்கிறார். இப்போது நாங்கள் என்று சொல்லவும் வரவில்லை, நான் என்று சொல்லவும் வரவில்லை.

அவர் விழிப்பதைப் பார்த்து அக்காவுக்கு இரக்கம் வந்துவிட்டது. "உனக்கு மேல இருக்கிற ஆளாத்தான் இருக்கும். ஈவிரக்கம் இல்லாதவன். பாவம்டா நீ, அவன்கிட்ட எப்படித்தான் வேலை பாக்கிறியோ."

"கஷ்டந்தான்க்கா" என்றார் கொள்கிறோம். அன்று அவர் சொன்ன ஒரே பொய் அது. அதுவும் முழுப் பொய்யில்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாக அந்தப் பக்கத்தைத் திறந்தார். பிடித்த வரியை அழித்தார். அழித்த இடத்தில் புதிதாக எழுத உட்கார்ந்தால், பழக்கம் விடுமா? முதலில் வந்தது: "சிலருடைய தவறான புரிதலைப் போக்கும் பொருட்டு." அழித்தார். அடுத்து, எதிர்ப்பக்கம் சாய்ந்து, "பெருமதிப்புக்குரிய பொதுமக்களின் பொன்னான பாதங்களுக்கு" என்று வந்தது. நடக்க முடியாதவரிடம் பாதத்தைப் பற்றிப் பேசுவது சரியில்லை என்று அதையும் அழித்தார். தைலத்தை எடுத்துத் தடவிக்கொண்டார். திட்டாமலும் குழையாமலும் ஒரு விஷயத்தைச் சொல்வது இத்தனை கஷ்டமா? மதியத்துக்குமேல்தான் வந்து சேர்ந்தது.

"தெருவில் நடந்துசெல்லச் சிரமப்படுபவர்கள் சக்கர நாற்காலிக்கு விண்ணப்பிக்கலாம். வீட்டுக்குள் சிறிது தூரம் நடக்க முடிந்தவர்களும் விண்ணப்பிக்கலாம். நேரில் வர இயலாவிட்டால் வீட்டுக்கே வந்து பார்ப்போம்."

தளத்தில் ஏற்றும் பெண் படித்தாள். கீழே தேடினாள். "மீதி எங்க சார்?"

"அவ்வளவுதாம்மா."

யாரும் பாராட்டவில்லை. பக்கத்து மேசைக்காரர், "என்ன சார், ஒண்ணுமே இல்லையே இதுல?" என்றார். அந்த மாதம் விண்ணப்பங்கள் குவிந்தன. அவற்றில் ஒன்று அக்காவின் கையெழுத்தில் இருந்தது. அதைப் பரிசீலிக்கும் பொறுப்பை வேறு மேசைக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, கொள்கிறோம் வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

நாற்காலி வந்த வாரத்தில் அத்தானைத் தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போனது அவர்தான். பழைய ஓட்டுநர்கள் எழுந்து இடம்விட்டார்கள். அத்தான் தலையைப் பின்னால் சாய்த்து மச்சானைப் பார்த்தார்.

"இப்ப வெப்சைட்டுல நல்ல மனுஷன் ஒருத்தன் எழுதறான் போலிருக்கே. முன்னாடி இருந்தவனை மாத்திட்டாங்களா?"

கொள்கிறோம் நாற்காலியின் பிரேக்கைப் போட்டார். சரியாக விழுந்ததா என்று குனிந்து பார்த்தார்.

"மாத்திட்டாங்க அத்தான்" என்றார். "திரும்ப வந்துடாம பாத்துக்கணும்."

உங்களுக்கென்ன, நீங்கள் இணையதளம் எதுவும் நடத்தவில்லை. சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டப் போகிறீர்கள். நல்லது. ஆனால் உங்கள் அடுக்குமாடி லிஃப்டில் "படித்தவர்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள் கவனத்துக்கு" என்று ஆரம்பிக்கும் ஒரு தாள் ஒட்டியிருக்கிறதே, கையெழுத்துக்கூட இல்லாமல், "நிர்வாகம்" என்று மட்டும் போட்டு? குடும்பக் குழுவில் "சிலருக்கு மட்டும்" என்று போன வாரம் ஒரு செய்தி வந்ததே? எழுதியவர் யார் என்று கேட்கவில்லை. அதை யார் வாசித்துக் காட்டப்போகிறார்கள், யாருடைய குரலில் என்பது மட்டும் போகப்போகத் தெரியும் எனத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.