கும்பிடு போட்ட கார்

புது வண்டி வாங்கியவனுக்குக் கொஞ்ச நாளைக்கு அறிவு வேலை செய்யாது. காக்கா எச்சம் போட்டால் தன் தலையிலேயே போட்டது போலத் துடிப்பான். ராத்திரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பான். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தரமும் பார்ப்பான். எனக்கு அந்தக் காய்ச்சல் மற்றவர்களைவிடக் கொஞ்சம் தூக்கலாகவே அடித்தது. உங்கள் அத்தை பையனுக்குக் காது குத்திய அன்றைக்குத்தான் அது இறங்கியது.

கண்ணுகளா, அப்போது நீங்கள் சின்னப் பிள்ளைகள். சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தது மட்டும்தான் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இந்தக் கதையை உங்கள் அம்மா ஒரு மாதிரி சொல்வாள், அத்தை வேறு மாதிரி சொல்வாள். இரண்டிலும் கோமாளி நான்தான். நானே எழுதினாலும் அதில் மாற்றம் இல்லை. வேட்டி கிழிந்த விதமாவது சரியாக இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

நான் பத்தாவது வரை படித்தவன். சிங்காநல்லூரில் பம்புசெட்டுக்குப் பாகம் கடைந்து தரும் லேத் பட்டறை நடத்துகிறவன். என் தங்கை சாந்தாமணியைக் காரமடையில் கட்டிக் கொடுத்தோம். கல்யாணமான முதல் பொங்கலுக்குச் சீர்த்தட்டுகளைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் போய் இறங்கினேன். கண்டக்டர் பாவம், நல்ல மனுசன், ஒவ்வொரு தட்டாகக் கீழே எடுத்துக் கொடுத்தார். அதைப் பார்த்த அவள் மாமியார், "பொண்ணு ஊட்டுச் சீரை கண்டக்டரு கொண்டாந்து எறக்கறாருங்கோ!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் சாந்தாமணி அன்றைக்குத் தலை குனிந்தபடியே எனக்குச் சோறு போட்டாள். அதை நான் மறக்கவில்லை.

அதனால் கடன் போட்டுக் கார் வாங்கியதும், அவள் பையனுடைய காதுகுத்துச் சீரைக் காரில்தான் கொண்டு போவது என்று முடிவு செய்தேன். நம் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். மாமன் வராமல் ஆசாரி ஊசியையே தொடமாட்டார். சாந்தாமணி மாசக்கணக்கில் அவள் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்கண்ணன் கார்ல வருவாருங்க."

அந்தக் கார் சாவியைத் துளையில் விட்டுத் திருகுகிற பழைய வகை இல்லை. சாவி சட்டைப்பையில் இருந்தால் போதும். பக்கத்தில் போய்க் கைப்பிடியைத் தொட்டால் கதவு திறக்கும், பொத்தானை அமுக்கினால் ஓடும். விற்றவர்கள் சாவியைக் குங்குமம் வைத்த தட்டில் கொடுத்து, "சாமிகிட்ட வெச்சு எடுத்துக்குங்க சார்" என்றார்கள். ஒரு தரம் வைத்து எடுக்கத்தான் சொன்னார்கள். நான் தினமும் வைத்து எடுத்து ஆணியில் மாட்டினேன்.

பட்டறைக்கு நான் ஸ்கூட்டரில் போய் வருவேன். கார் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்தான். வாங்கிய மறு மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை பொத்தானை அமுக்கினால், பல்லி கத்துகிற மாதிரி 'டிக் டிக்' என்றது. அதோடு சரி. வண்டி எலக்ட்ரீசியன் மயில்சாமியைக் கூப்பிட்டேன். இன்னொரு பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு ஓட வைத்தான்.

"பேட்டரி எறங்கிப்போச்சுங்கண்ணா. லைட்டு கிய்ட்டு எரிய உட்டுப்போட்டீங்களா?"

"நானா? ஆளில்லாத ரூமுல ஃபேன் ஓடுனாலே எனக்கு நெஞ்சு வலிக்கும் மயிலு."

வண்டியை அவன் பட்டறைக்குக் கொண்டு போய்ச் சில நாள் வைத்துப் பார்த்தான். "நிறுத்துனதுக்கப்பறம் வண்டியில எல்லாமே தூங்கப் போயிரோணுமுங்க. எது தூங்காம கரண்ட்டைக் குடிக்குதுன்னு மீட்டர் வெச்சுப் பாக்கறனுங்க" என்றான். பார்த்துவிட்டு, "கொழந்தையாட்டத் தூங்குதுங்கண்ணா. ஒரு கொறையுமில்ல" என்று திருப்பிக் கொடுத்தான். வீட்டுக்குக் கொண்டு வந்து நிறுத்தினேன். அடுத்த ஞாயிறு மறுபடி 'டிக் டிக்'.

உங்கள் அம்மா யோசித்துச் சொன்னாள்: "ஏனுங்க, அங்க நல்லாருக்குது, இங்க வந்தா படுத்துக்குது. வண்டி மேல தப்பில்லீங்க. நம்ம ஊட்டு மேலதானுங்க யாரோ கண்ணு வெச்சுட்டாங்க."

எனக்கு அது மின்னல் வெட்டிய மாதிரி இருந்தது. (பத்தாவது படித்தவனுக்கு மின்னல் எங்கெல்லாம் வெட்டுகிறது பாருங்கள்.) அன்றைக்கே டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினேன். சாமி ரூம் கதவுக்கு வெளியே ஆணியில் தொங்கிய சாவியை உள்ளே அலமாரிக்கு மாற்றினேன். அப்படியும் பேட்டரி இறங்கியது. பக்தி போதவில்லை என்று முடிவு செய்து, சாவிக்குத் திருநீறு பூசி, ஜன்னல் திண்டில் இருக்கும் முருகன் படத்தின் காலடியிலேயே வைத்தேன். அந்த ஜன்னலுக்கு வெளியேதான் கார் நிற்கும். காருக்கும் சாமி தெரியட்டும் என்று, மூக்கு ஜன்னலைத் தொடுகிற மாதிரி நெருக்கி நிறுத்தினேன்.

ஒரு நாள் சாயங்காலம் உங்கள் அம்மா ஓடி வந்தாள். "ஏனுங்க, விளக்கேத்தறப்ப சாவியை நகத்தி வெச்சனுங்களா, வெளிய நிக்கற காரு பக்கத்துக் கண்ணாடியை விரிச்சு, லைட்டைச் சிமிட்டுதுங்க!"

"கும்பிடு போடுது அம்மணி" என்றேன். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பட்டறையில் எல்லோரிடமும் சொன்னேன். மயில்சாமியிடம் மட்டும் சொல்லவில்லை. எலக்ட்ரீசியனுக்கும் பக்திக்கும் என்ன சம்பந்தம்?

காதுகுத்துக்கு முந்தின வாரம் முழுக்கக் காரை எடுக்கவே இல்லை. ஓட்டினால் பேட்டரி செலவாகிவிடுமாம், அதைச் சேர்த்து வைத்தேனாம். (ஓடினால்தான் பேட்டரி ஏறும் என்று பட்டறை வைத்திருக்கிற எனக்குத் தெரியாதா? தெரியும். காய்ச்சல் என்று ஆரம்பத்திலேயே சொன்னேனே.) முந்தின நாள் சாயங்காலமே சீர்த்தட்டுகளை டிக்கியில் அடுக்கினேன். பழம், புதுத்துணி, வெல்லம், குழந்தைக்குத் தங்கத் தோடு, எல்லாம்.

"தோட்டையாச்சும் ஊட்டுக்குள்ள வெக்கலாமுங்க" என்றாள் அம்மா.

"சாவி முருகன்கிட்ட இருக்குது. எந்தத் திருடனாலயும் தொறக்க முடியாது" என்றேன்.

காலையில் எங்களாலும் முடியவில்லை.

கைப்பிடியைத் தொட்டேன், தடவினேன், கெஞ்சினேன். கார் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றது. பத்தரைக்குள் காரமடையில் குழந்தை என் மடியில் இருக்க வேண்டும். டாக்சிக்கு ஃபோன் செய்தேன். நல்ல முகூர்த்த நாள், ஒன்றும் அகப்படவில்லை. அப்படியே கிடைத்தாலும் சீர் டிக்கிக்குள். மயில்சாமியோ கருமத்தம்பட்டியில் ஏதோ ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தான்.

"அண்ணா, அந்தச் சாவிக்குள்ளயே இன்னொரு சாவி இருக்குதுங்க. ஓரத்துல தள்ளி இழுங்க" என்றான் ஃபோனில். இழுத்தால் நிஜமாகவே ஒரு குட்டிச் சாவி வந்தது. அத்தனை நாள் திருநீறு பூசியவனுக்கு அது தெரியவில்லை. முன்கதவு திறந்தது.

"டிக்கி?"

"அது கரண்ட்டு இருந்தாத்தானுங்க தொறக்கும். பின்சீட்டைச் சாச்சுப்போட்டு உள்ள நொழைஞ்சு எடுங்க."

நுழைந்தேன். பட்டுக்கரை வேட்டி, புதுச் சட்டை, நெற்றியில் சந்தனம். தலையும் தோளும் உள்ளே போயின. என் வயிறு அந்த அளவில் செய்யப்பட்டதல்ல. உள்ளேயிருந்து ஒவ்வொரு தட்டாகப் பின்னால் தள்ளத் தள்ள, அம்மா வாங்கி வாங்கி வெளியே வைத்தாள். கடைசித் தட்டைத் தள்ளிவிட்டுத் திரும்பப் பார்த்தால் முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. கால் இரண்டும் வெளியே ஆடிக்கொண்டிருந்தன. எதிர் வீட்டு அம்மா கேட்டது எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது.

"ஏனுங்க, உங்கூட்டுக்காரரு காருக்குள்ள என்னத்தைங்க தேடறாரு?"

"தாய்மாமன் மரியாதையைத் தேடறாருங்க" என்றாள் உங்கள் அம்மா.

அந்த நேரம் பார்த்துச் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. சாந்தாமணி.

"அண்ணா, எங்கண்ணா இருக்கறீங்க? எல்லாரும் கேக்கறாங்கண்ணா."

என்ன சொல்வது? பொய் சொல்ல எனக்கு வராது. "கார்லதான் கண்ணு இருக்கறேன்" என்றேன்.

"அத்தே! எங்கண்ணன் கார்ல இருக்கறாராமா!" என்று அவள் அந்தப் பக்கம் சந்தோஷமாகக் கத்தியதைக் கேட்டபோது, டிக்கியின் இருட்டில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வேகத்தில் பின்னால் ஒரு இழு இழுத்தேன். சீட்டுக் கொக்கியில் மாட்டி வேட்டி 'டர்ர்' என்று கிழிந்தது. வெளியே வந்துவிட்டேன்.

எங்கள் பட்டறைக்கு வார்ப்பு இரும்பு ஏற்றி வரும் பழனிச்சாமியின் குட்டியானை, அதுதான் அந்தச் சின்ன லோடு வண்டி, அப்போது காலியாகத் தெருமுனையில் திரும்பியது. கையைக் காட்டி மறித்தேன். அம்மாவும் நீங்களும் முன்னால், நான் பின்னால் தட்டுகளை அணைத்துக்கொண்டு நின்றபடி. மேட்டுப்பாளையம் ரோட்டுக் காற்றில், வண்டியில் ஒட்டியிருந்த கரித்தூள் எல்லாம் என் சந்தனத்தின் மேல் வந்து உட்கார்ந்தது.

காரமடைக் கோயில் பக்கத்து மண்டப வாசலில் சாந்தாமணி நின்றிருந்தாள். ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், கார் வரும் என்று. எங்கள் வண்டி அவள் கண்ணிலேயே படவில்லை. அவள் மாமனார் கையை வீசி, "சமையல் சாமானுங்களா? பின்னாடி போங்க, பின்னாடி!" என்றார். பழனிச்சாமி சொன்னதைக் கேட்கிற ஆள். நேராகச் சமையல்கட்டு வாசலில் கொண்டு போய் நிறுத்தினான். சமையல்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, "எலை எங்கப்பா?" என்றார்.

அதற்குள் சாந்தாமணி ஓடி வந்துவிட்டாள். கிழிந்த வேட்டியைப் பார்த்தாள், கரி மூஞ்சியைப் பார்த்தாள். அவள் உதடு துடித்தது. அந்தக் கணம் பஸ்ஸிலேயே வந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

பின்னாலேயே அவள் மாமியார் வந்தார். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. சேலைத் தலைப்பை எடுத்து என் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"ஏஞ்சாமி, இந்த மூஞ்சியோட உக்காந்தா பையன் பயந்துக்குவானில்ல? மணி ஆச்சு, வாங்க. மாமன் வந்தாச்சு, எதுல வந்தா என்னங்க" என்றார். பிறகு சாந்தாமணி பக்கம் திரும்பி, "உங்கண்ணனுக்கு உங்க மாமனாரோட வேட்டி ஒண்ணை எடுத்துக் குடு, போ" என்றார்.

சாந்தாமணி அழுதுகொண்டே சிரித்தாள்.

மடியில் உட்கார்ந்த பையன் என்னைக் கவனிக்கவே இல்லை. ஜன்னல் வழியாகக் குட்டியானையைக் காட்டி, "மாமா, அந்த வண்டி உம்படதா?" என்றான். "ஆமா சாமி" என்றேன். (பொய் சொல்ல வராது என்று மேலே எழுதியிருக்கிறேன். பரவாயில்லை.) "என்னைக் கூட்டீட்டுப் போவியா?" "போலாஞ்சாமி" என்று சொல்லி முடிப்பதற்குள் ஆசாரி இரண்டு காதையும் குத்தி முடித்துவிட்டார். பையன் அழவில்லை. அவர்கள் குடும்பத்தில் அழாமல் காது குத்திக்கொண்ட முதல் பிள்ளை அவன்தான் என்று மாமியாரே எல்லோரிடமும் சொன்னார். சாப்பாட்டுக்குப் பிறகு மண்டபத்துப் பிள்ளைகள் அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு பழனிச்சாமி கோயிலை ஒரு சுற்றுச் சுற்றினான்.

மறுநாள் மயில்சாமி வந்தான். கேபிளை மாட்டிக்கொண்டிருக்கும்போது உங்கள் அம்மா பேச்சுவாக்கில் கும்பிடு விஷயத்தைச் சொன்னாள். அவன் கையிலிருந்த கேபிளைக் கீழே வைத்தான். சாமி ரூமுக்குப் போய்ச் சாவியைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், காரைப் பார்த்தான். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தான்.

"அண்ணா, சாவி பக்கத்துல வந்தா ஓனர் வாராருன்னு வண்டி முழிச்சுக்குமுங்க. நீங்க பொழுதுக்கும் பக்கத்துலயே வெச்சிருந்தா? ஓனர் வாராரு, ஓனர் வாராருன்னு பாவம் அது கண்ணு மூடவே இல்லீங்க. எம்பட பட்டறையில சாவி அந்தக் கோடி ரூமுல இருந்துச்சு. நல்லாத் தூங்குச்சு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணன் வருவார் வருவார் என்று ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்ற சாந்தாமணியின் முகம்தான் ஞாபகம் வந்தது.

அன்றிலிருந்து சாவி சமையல்கட்டில், சோறு கொண்டு போகும் எவர்சில்வர் தூக்குப்போசிக்குள், சிக்னல் காருக்குப் போகாதபடி மூடி போட்டு இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் நாங்கள் சாவியைத் தாளிக்கப் போகிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள். முருகன் படம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. பேட்டரி அதற்கப்புறம் இறங்கவே இல்லை.

காது குத்திக்கொண்ட பையன் இப்போது அஞ்சாவது படிக்கிறான். இன்றைக்கும் நான் அவனுக்குக் குட்டியானை மாமாதான். நாம் காரமடைக்குக் கிளம்புகிற ஒவ்வொரு தடவையும் உங்கள் அத்தை ஃபோன் செய்து, பக்கத்தில் இருக்கிற மாமியாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகக் கேட்பதை நீங்களே கேட்டிருக்கிறீர்கள்:

"அண்ணா, கார்ல இருக்கறீங்களா? இல்ல, காரு ஓடுதுங்களா?"

அதற்கு நான் வாயால் பதில் சொல்வதில்லை. ஃபோனை ஸ்டியரிங் பக்கத்தில் பிடித்து, ஹாரனை நீளமாக ஒரு அமுக்கு அமுக்குவேன்.