சாட்சிக் கல் உதிர்த்த விபூதி

சாமியாரின் வெள்ளிப் பெட்டியைத் தட்டிவிட்டவன் நான்தான். கும்பிடக் குனிந்தேன், தொந்தி இடித்துவிட்டது.

மாமல்லபுரத்துக் ‘கனகக்கல் சித்தர்’ ஆசிரமம். அச்சரப்பாக்கத்திலிருந்து வேன் வேனாக வந்த கூட்டம் பதறியது. பெட்டியிலிருந்து பொன்னிறக் கற்கள் உருண்டன. கூடவே, புதுச் செருப்புப் பெட்டியில் கிடக்குமே, அந்தக் குட்டி வெள்ளைப் பொட்டலங்களும். ‘சாப்பிடாதே’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. சித்தர் அசரவில்லை. விரதப் பிரசாதமாம், கண்ணில் ஒற்றிக்கொள்ள மட்டுமாம். எல்லோரும் ஒற்றிக்கொண்டார்கள். நானும்தான். ஒன்றைச் சட்டைப்பையிலும் போட்டுக்கொண்டேன்.

சித்தரிடம் இரண்டு வகைக் கல். ஒரு கனசதுரத்துக்குள் இன்னொன்று பாய்ந்து நிற்பது ‘தம்பதிக் கல்’, மந்திரத்தால் சேர்ந்ததாம். சேவல் கொண்டை மாதிரி இருப்பது ‘சாட்சிக் கல்’. விலைக்கு வாங்கிப்போய் வைத்தால், பாவமுள்ள வீட்டில் விபூதி உதிர்க்குமாம். ஐப்பசி மழையும் கடற்காற்றும் சேர்ந்து எல்லா வீட்டையும் பாவ வீடாக்கின.

என் தங்கை அம்சா வீட்டிலும் உதிர்ந்தது. அங்கே என்ன பாவம்? சர்க்கரை மாத்திரை. நிறுத்தச் சொன்னார் சித்தர். அவளை அவரிடம் அழைத்துப்போன அறிவாளி அடியேன். மாத்திரை போடுகிறாயா என்று எப்போது கேட்டாலும் ஒரே பதில்: “சாமி பாத்துக்கும் அண்ணாத்த.”

எனக்குச் சந்தேகம் தட்டியது. அம்சாவின் கல்லையும் சட்டைப்பையில் போட்ட பொட்டலத்தையும் தூக்கிக்கொண்டு கல்பாக்கம் ஓடினேன். அங்கே வசுமதி கனிமங்களை ஆராய்கிறவர். சித்தரின் இரண்டு வகைக் கல்லும் இரும்பும் கந்தகமும்தான், அணுக்கள் அடுக்கப்பட்ட விதம்தான் வேறு என்றார். இரட்டையாக ஒட்டி வளர்வது பூமிக்குள் தானாக நடப்பது. கொண்டைக் கல் மட்டும் ஈரம் பட்டால் வெள்ளைப் பொடியாய் உதிரும். பொட்டலம் ஈரத்தை உறிஞ்சும், அதனால்தான் சித்தரின் பெட்டியில் பாவமே இல்லை.

அடுத்த ஞாயிறு வசுமதி கூட்டத்தின் முன் சித்தரிடமே இரண்டு சாட்சிக் கல் வாங்கினார். ஒன்று பொட்டலங்களோடு மூடிய பாட்டிலில், மற்றது திறந்த தட்டில். இரண்டும் சித்தரின் பூஜையறையிலேயே இருக்கட்டும் என்றார். சித்தர் இழுத்தார். வசுமதி விடவில்லை.

“உங்க வீட்லதான் பாவமே கெடையாதே சாமி. அப்புறம் என்ன பயம்?”

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வழி? அறையைப் பூட்டி, சாவியை அம்சாவின் கணவன் முனிசாமியிடம் கொடுத்தார்கள்.

இருபத்தொரு நாள் கழித்துத் திறந்தால், பாட்டிலுக்குள் கல் மினுமினுத்தது. தட்டிலோ விபூதி, கூடவே கந்தக நாற்றம்.

முனிசாமி கைகட்டிக் கேட்டான்: “சாமி, உங்க வூட்ல யாரு மாத்திரை துன்னது?”

சித்தருக்கு அன்றைக்கே அவசரமாகக் காசிக்குப் போகவேண்டி வந்தது. கூட்டம் வேனேறியது. ஒருவர் மட்டும் பொட்டலத்தைப் பத்திரமாக மடியில் முடிந்துகொண்டார். அடுத்த சாமியாருக்கு உதவுமாம்.

அம்சா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மறுபடி கேட்டேன், மாத்திரை போடுகிறாயா என்று.

“ரெண்டு மாசமா போடல அண்ணாத்த. கண்ணு இருட்டிகினு வருது, காலு மரத்துகினு கீது. ஒடம்பு தெனம் சொல்லிகினுதான் இருந்திச்சி. நான்தான் கல்லு சொன்னத கேட்டுகினு இருந்தேன். வண்டிய எடு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”